கீழே கம்பீரம்... மேலே போனா 'கிறீச்'! குரல் உடையாமல் பாட 15 நிமிட வார்ம் அப் - முழு விளக்கம்

பாட்டு ஆரம்பிக்கும்போது குரல் கணீர்னு இருக்கும். சரணத்தில் மேலே ஏறும் இடம் வந்ததும் கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், குரல் 'டக்'னு உடையும். அல்லது திடீரென மெலிந்து வேற ஆள் பாடுவது போலக் கேட்கும். பள்ளி ஆண்டு விழாவில் பாடும் மாணவி முதல், திருவிழா பஜனையில் பாடும் பெரியவர் வரை பலருக்கும் இதே பிரச்சினைதான்.

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரிலும் சுற்று வட்டார கிராமங்களிலும் பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து, மார்கழி பஜனை, கிரிவலப் பாதையில் பக்திப் பாடல், அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு மேடை இருக்கிறது. ஆனால், மேடை ஏறும் முன் குரலைத் தயார் செய்பவர்கள் குறைவு. மைக் டெஸ்ட் நடக்கும், குரல் டெஸ்ட் நடக்காது.

குரல் ஏன் நடுவில் உடைகிறது? கீழ்ஸ்தாயியில் இருந்து மேல்ஸ்தாயிக்கு வழுக்கிக்கொண்டு போவது போலப் பாட என்ன செய்யணும்? விளக்கமாகப் பார்ப்போம்.

தொண்டைக்குள் என்னதான் நடக்குது?

குரல்வளைக்குள் இரண்டு சிறிய தசை மடிப்புகள் இருக்கின்றன. இவைதான் குரல் நாண்கள். ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. நுரையீரலில் இருந்து வரும் காற்று இவற்றைத் தட்டித் திறக்கிறது. உடனே அவை மூடிக்கொள்கின்றன. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்தத் திறப்பும் மூடலும்தான் நாம் கேட்கும் குரல்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண், கீழ்ஸ்தாயி 'ப' பாடும்போது குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 98 முறை அதிர்கின்றன. அதே ஆள் மேல்ஸ்தாயி 'ப' தொட்டால் சுமார் 392 முறை. அதாவது நான்கு மடங்கு! ஒரே பாட்டுக்குள், சில நொடி இடைவெளியில், இவ்வளவு பெரிய மாற்றத்தை அந்தச் சின்னத் தசை செய்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு தசைகள் மாறி மாறி வேலை செய்கின்றன.

- முதல் தசை: குரல் நாணுக்குள்ளேயே இருப்பது. இது நாணைத் தடிமனாக, குட்டையாக வைத்திருக்கும். நாம் பேசும்போதும் கீழ்ஸ்தாயியில் பாடும்போதும் இதன் ஆட்சிதான். அதனால்தான் அப்போது நெஞ்சில் கை வைத்தால் அதிர்வு தெரியும்.
- இரண்டாவது தசை: குரல்வளையின் முன்பக்கம் இருப்பது. இது நாணை இழுத்து நீளமாக, மெல்லியதாக ஆக்கும். மேல்ஸ்தாயிக்கு இதுதான் முக்கியம்.

ரப்பர் பேண்டை இழுத்து மீட்டினால் சத்தம் மெல்லியதாகக் கேட்கும், தளர்த்தினால் தடிமனாகக் கேட்கும். கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கேயும்.

அப்போ குரல் ஏன் உடையுது?

கீழிருந்து மேலே போகும்போது முதல் தசை மெல்ல மெல்லப் பிடியை விடணும், இரண்டாவது தசை மெல்ல மெல்லப் பொறுப்பை எடுக்கணும். பைக்கில் கியர் மாற்றுவது மாதிரி. கிளட்சைச் சரியாக விட்டால் வண்டி குலுங்காது. மாற்றவே மாட்டேன் என்று முதல் கியரிலேயே முறுக்கினால் இன்ஜின் கத்தும். திடீரென விட்டால் வண்டி துள்ளும்.

குரலிலும் அப்படித்தான். கீழே பாடிய அதே பலத்தோடு மேலே கத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முதல் தசை தாங்காமல் சட்டென விட்டுவிடும். அதுதான் அந்த 'கிறீச்'. சிலர் அந்த இடத்தில் பயந்துபோய், காற்றுக் கலந்த மெல்லிய குரலுக்குத் தாவிவிடுவார்கள். பாட்டு வாத்தியார்கள் இதைத்தான் 'கள்ளக்குரல்' என்பார்கள்.

இந்த மாற்றம் நடக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கட்டையில் பாடும் ஆண்கள் பலருக்கு மேல்ஸ்தாயி ரி, க, ம பக்கம் வரும். ஐந்து கட்டையில் பாடும் பெண்கள் பலருக்கு த, நி, மேல் ஸ பக்கம் வரும். உங்களுக்கு எந்த ஸ்வரத்தில் தடுக்குது என்று முதலில் கண்டுபிடிங்க. பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் உங்க 'கட்டை' எது?

கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்துச் சொல்லும் கணக்கு. 'ஸ'வை எந்தக் கட்டையில் வைக்கிறீர்களோ அதுதான் உங்கள் சுருதி. இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று போகும். ஆண்கள் பலர் ஒரு கட்டை அல்லது அதை ஒட்டியும், பெண்கள் பலர் ஐந்து கட்டை அல்லது அதை ஒட்டியும் பாடுகிறார்கள்.

ரேடியோவில் கேட்ட பாட்டை அதே சுருதியில்தான் பாடணும் என்று கட்டாயம் இல்லை. கீழ் 'ப'வும் மேல் 'ப'வும் சிரமம் இல்லாமல் எட்டும் சுருதிதான் உங்கள் சுருதி. பல நேரம் குரல் உடைவதற்குக் காரணம் குரலே இல்லை, தப்பான கட்டைதான். அரைக் கட்டை இறக்கினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். மொபைலில் சுருதிப் பெட்டி ஆப் இருந்தால் இதைப் பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

15 நிமிட வார்ம் அப்: படிப்படியாக

கபடி ஆடும் முன் காலை உதறுவது போலத்தான் இதுவும். பாடத் தொடங்கும் முன், சத்தம் குறைவாக, அவசரம் இல்லாமல் செய்யணும்.

1. உடம்பைத் தளர்த்துங்க (2 நிமிடம்)
தோளைக் காது வரை தூக்கி விடுங்க. கழுத்தை மெதுவாக இடம், வலம் திருப்புங்க. விரல்களால் தாடை மூட்டை வட்டமாகத் தடவுங்க. நாக்கை வெளியே நீட்டி உள்ளே இழுங்க. தாடையும் நாக்கும் இறுக்கமாக இருந்தால் குரல்வளையும் இறுகிவிடும்.

2. மூச்சு (2 நிமிடம்)
வயிற்றில் கை வைங்க. மூச்சை இழுக்கும்போது தோள் தூக்கக் கூடாது, வயிறும் விலாவும் விரியணும். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் காற்றை விடுங்க. முதல் நாள் 10 நொடி போதும், போகப்போக 20, 25 நொடி வரை வரும். எவ்வளவு நேரம் இழுத்தோம் என்பதை விட, சத்தம் ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

3. வாய் மூடி 'ம்ம்ம்' (2 நிமிடம்)
உதடு மட்டும் மூடியிருக்கட்டும், பற்கள் கடிபடக் கூடாது. பேசும் சுருதியில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்யுங்க. உதட்டிலும் மூக்கைச் சுற்றியும் கூச்சம் போல அதிர்வு தெரியணும். தொண்டையில் உறுத்தினால் சத்தத்தைக் குறையுங்க. ஸ ரி க ரி ஸ வரை மட்டும் போய் வந்தால் போதும்.

4. உதட்டை அதிர வைக்கும் 'புர்ர்ர்' (2 நிமிடம்)
சின்னப் பசங்க வண்டி ஓட்டும் விளையாட்டில் 'புர்ர்ர்' என்று உதட்டை அதிர வைப்பார்களே, அதேதான். அந்த அதிர்வோடு சுருதி சேர்த்து ஸ ரி க ம ப ம க ரி ஸ பாடுங்க. உதடு அதிரவில்லையா? இரண்டு கன்னத்தையும் விரலால் லேசாக மேலே தூக்கிப் பிடிங்க, வந்துவிடும். காற்றை அதிகம் தள்ளினாலோ குறைத்தாலோ அதிர்வு நின்றுவிடும். மூச்சு சீராக இருக்குதா என்று இதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

5. ஸ்ட்ரா பயிற்சி (2 நிமிடம்)
ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவை உதட்டில் வைத்து, அதன் வழியாக 'ஊ' என்று பாடுங்க. கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே மெதுவாகப் போய் வாங்க. மூக்கு வழியாகக் காற்று கசியக் கூடாது. ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் மூழ்க வைத்துக் குமிழி விட்டபடியும் பாடலாம்.

இது விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் குரல் சிகிச்சையிலேயே பயன்படும் முறை. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே ஸ்ட்ரா பயிற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பரவலாக்கியவர். வாய்ப் பக்கம் வழி குறுகும்போது உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் திரும்பி வரும். அது குரல் நாண்களை ஒன்றோடொன்று பலமாக மோதவிடாமல் காக்கும். குறைந்த உழைப்பில் மேல்ஸ்தாயி வரை போய்வர இது வழி செய்கிறது.

6. சைரன், அதாவது ஜாரு (2 நிமிடம்)
ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி 'ஊஊஊ' என்று கீழிருந்து மேலே வழுக்கி, அப்படியே இறங்குங்க. கர்நாடக இசையில் ஸ்வரத்தில் இருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போவதை 'ஜாரு' என்பார்கள். முதலில் ஸ-வில் இருந்து ப வரை. பிறகு ஸ-வில் இருந்து மேல் ஸ வரை. தடுக்கும் இடம் வந்தால் பலத்தைக் கூட்டாதீங்க. பாதியாகக் குறைத்து, அந்த இடத்தை மட்டும் மெதுவாக மூன்று, நான்கு முறை கடந்து வாங்க. கியர் மாறும் இடம் அதுதான்.

7. ஏணிப் பயிற்சி (3 நிமிடம்)
- ப ம க ரி ஸ என்று மேலிருந்து கீழாக 'நு... நு... நு' சொல்லிப் பாடுங்க. மேலே கிடைத்த மெல்லிய பிடியைக் கீழே இறக்கிக்கொண்டு வரும் பயிற்சி இது.
- பிறகு ஸ - ப - மேல் ஸ - ப - ஸ என்று தாவிப் பாடுங்க. முதலில் 'உ', பிறகு 'ஓ', கடைசியில் 'ஆ'.
- ஒவ்வொரு முறையும் அரைக் கட்டை ஏற்றுங்க. சிரமம் தெரிந்ததும் நிறுத்தி, மறுபடி அரைக் கட்டையாக இறங்குங்க.

'ஆ' என்று அகலமாக வாயைத் திறந்து மேலே போவதுதான் பலருக்குக் கஷ்டம். மேலே போகப் போக 'ஆ'வைக் கொஞ்சம் 'ஓ' பக்கம் வளைத்துப் பாருங்க. தொண்டை இறுக்கம் குறைவது உடனே தெரியும்.

இது புதுசா என்ன? நம்ம ஊரிலேயே இருக்கே!

உண்மைதான். மூன்று ஸ்தாயி என்ற கணக்கு தமிழிசைக்கு மிகப் பழையது. மெலிவு, சமன், வலிவு என்று கீழ், நடு, மேல் ஸ்தாயிகளைப் பிரித்துச் சொல்லும் மரபு சிலப்பதிகார இசைக் குறிப்புகளில் இருந்தே வருகிறது.

இன்று பாட்டு கிளாஸில் முதலில் சொல்லித் தரும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் எல்லாமே ஸ்வரப் பயிற்சியோடு குரல் பயிற்சியும்தான். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும் இந்தப் பாட முறையை வகுத்தவராகப் புரந்தரதாசரைச் சொல்வார்கள். இதில் எதற்கு எது என்று பார்த்தால்:

- சரளி வரிசை: ஸ்வரம் விட்டு ஸ்வரம் தாவாமல், படிப்படியாக ஏறி இறங்கும் பழக்கம்.
- ஜண்டை வரிசை: ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை அழுத்திச் சொல்வதால் குரல் நாணுக்குப் பிடிமானம்.
- தாட்டு வரிசை: இடையில் உள்ள ஸ்வரத்தை விட்டுத் தாவும்போது குறி தப்பாமல் விழும் பழக்கம்.
- மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயி வரிசைகள்: குரலின் எல்லையை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பது.
- அகார சாதகம்: ஸ்வரப் பெயர் இல்லாமல் 'ஆ' என்று மட்டும் மூன்று காலத்திலும் பாடுவது.

சிக்கல் எங்கே என்றால், பலர் தூங்கி எழுந்ததும் நேராக மூன்றாம் காலத்தில், முழுச் சத்தத்தில் அகாரம் பிடிக்கிறார்கள். அதற்கு முன் மேலே சொன்ன 'ம்ம்ம்', 'புர்ர்ர்', ஸ்ட்ரா பயிற்சிகளைச் சேர்த்தால் பழைய சாதகம் இன்னும் நன்றாக வேலை செய்யும். இரண்டுக்கும் சண்டை இல்லை.

கூத்துக் கலைஞர்களுக்கு ஏன் இது ரொம்ப முக்கியம்?

திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்தின் தாய்வீடுகளில் ஒன்று. செய்யாறு பக்கம் உள்ள புரிசை கிராமத்தின் கூத்துப் பரம்பரை வெளிநாடு வரை பேர் வாங்கியது. கூத்தில் நடிகரே பாடணும், ஆடணும், வசனமும் பேசணும். ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் முழங்க, அதையும் தாண்டிக் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரணும். அதுவும் இரவு தொடங்கி விடியும் வரை. அதனால் உச்ச ஸ்தாயியில்தான் பெரும்பாலும் பாட்டு எடுப்பார்கள்.

மைக் இல்லாத நாடக மேடைக் காலத்தில் எஸ்.ஜி.கிட்டப்பா (1906-1933), கே.பி.சுந்தராம்பாள் (1908-1980) போன்றவர்கள் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி உச்சத்தில் பாடியதும் இதே தேவையால்தான்.

கூத்துக் கலைஞருக்குக் குரல்தான் பிழைப்பு. சீசனில் தொடர்ந்து பல இரவுகள் ஆட்டம் இருக்கும். ஒரு நாள் குரல் கட்டிக்கொண்டால் அந்த வேஷம் வேறு ஆளுக்குப் போகும், அன்றைய கூலியும் போகும். இவர்களுக்குச் சில யோசனைகள்:

- அரிதாரம் பூசிக்கொள்ளும் நேரத்தை வீணாக்க வேண்டாம். வாய் மூடி 'ம்ம்ம்' சொல்வதற்கு முகம் அசையத் தேவையில்லை.
- மைக் இருக்கும் இடத்தில் மைக்கை நம்புங்க. மைக்கையும் வைத்துக்கொண்டு கத்தினால் இரட்டைச் செலவு.
- பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடும் நேரம் உங்களுக்கு ஓய்வு. அப்போது சேர்ந்து கத்த வேண்டாம், ஒரு மடக்குத் தண்ணீர் குடிங்க.
- ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஸ்ட்ராவிலோ 'ம்ம்ம்' என்றோ மேலிருந்து கீழே மெதுவாக இறங்குங்க. ஓடி முடித்தவர் கொஞ்சம் நடப்பது போல.

பள்ளி மாணவர்கள் கவனத்துக்கு

12 முதல் 15 வயதுக்குள் ஆண் பிள்ளைகளின் குரல்வளை வேகமாக வளரும். குரல் ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று தள்ளாடும். நாடகக் கம்பெனி காலத்தில் இதை 'மகரக்கட்டு' என்றார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போட்ட சிறுவர்கள் பலருக்கு மகரக்கட்டு வந்ததும் வேஷம் கைவிட்டுப் போனது உண்டு.

அது நோய் இல்லை, வளர்ச்சி. அந்தக் காலத்தில் பாட்டை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் பழைய சுருதியிலேயே பாடு என்று கட்டாயப்படுத்தக் கூடாது. நடு ஸ்தாயியில், மெதுவான சத்தத்தில் பாடினால் போதும். போட்டிக்கு ரெண்டு மாதம் முன் எடுத்த சுருதி போட்டி அன்றைக்கு எட்டாமல் போகலாம். பெற்றோரும் ஆசிரியரும் திட்டாமல் சுருதியை இறக்கிக் கொடுக்கணும். பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் கொஞ்சம் மாறும், லேசான காற்றுச் சத்தம் வரும். பயப்பட வேண்டாம்.

மிளகு, பனங்கற்கண்டு, வெந்நீர்... வேலை செய்யுமா?

விழுங்கும் எதுவும் குரல் நாண்கள் மேல் நேரடியாகப் படாது. உணவும் தண்ணீரும் உணவுக் குழாய் வழியாகப் போகின்றன. குரல் நாண்கள் இருப்பது மூச்சுக் குழாயின் வாசலில். தவறிப் பட்டால் புரைதான் ஏறும். எனவே பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம் தரலாம், எச்சில் ஊற வைக்கலாம். ஆனால் குரல் நாணுக்கு மந்திரம் எதுவும் செய்யாது.

உண்மையில் உதவுவது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் தண்ணீர்தான். மேடை ஏறும் நேரத்தில் மட்டும் ஒரு பாட்டில் குடிப்பதால் பயன் குறைவு. உடம்பு முழுக்க ஈரம் சேர்ந்தால்தான் குரல் நாணும் ஈரமாக இருக்கும்.

இதையெல்லாம் தவிர்க்கணும்

- அடிக்கடி 'க்கும்' என்று தொண்டையைச் செருமுவது. குரல் நாண்கள் ஒன்றோடு ஒன்று பலமாக மோதும். பதிலாக எச்சிலை விழுங்குங்க.
- குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு இல்லை. தேவை என்றால் மெதுவாக, சாதாரணமாகப் பேசுங்க. இல்லாவிட்டால் மௌனம்.
- சாப்பிட்ட உடனே சாதகம். படுக்கும் முன் வயிறு முட்டச் சாப்பிடுவதும் அமிலத்தை மேலே ஏற்றிக் குரலைக் கெடுக்கும்.
- பீடி, சிகரெட், புகை மண்டிய இடத்தில் பாடுவது.
- வலிக்க வலிக்கப் பாடினால் குரல் திறக்கும் என்ற நம்பிக்கை. தொண்டையில் வலி வந்தால் நிறுத்தச் சொல்கிறது என்று அர்த்தம்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

சளி, காய்ச்சலால் வரும் குரல் கம்மல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கணும். விழுங்கும்போது வலி, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல் இருந்தால் மூன்று வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம். புகைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்கணும்.

தொடர்ந்து கத்திப் பாடுவோருக்குக் குரல் நாணில் சின்னக் காய்ப்பு வரலாம். ஆரம்பத்திலேயே பார்த்தால் ஓய்வும் குரல் பயிற்சியும் போதும், பலருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. டாக்டர் சின்னக் கேமரா வைத்துப் பார்ப்பார், சில நிமிட வேலைதான். இந்தப் பரிசோதனைக்கு வழிகாட்டியவரே ஒரு பாட்டு வாத்தியார்தான்! 1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், சின்னக் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார்.

முறையாகக் கற்க எங்கே போகலாம்?

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளி திருவண்ணாமலையில் இருக்கிறது. இந்தப் பள்ளிகளில் குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில் போன்றவற்றை மூன்று ஆண்டுச் சான்றிதழ் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். மேற்கொண்டு படிக்க சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உண்டு. சேர்க்கை அறிவிப்பை நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

வார்ம் அப் செய்த அன்றைக்கே குரல் கொஞ்சம் லேசாக இருப்பது தெரியும். ஆனால் தடுக்கும் இடம் தடுக்காமல் போக, தினமும் 15 நிமிடம் வீதம் சில வாரமாவது ஆகும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் கத்துவதைவிட, தினம் கால் மணி நேரம் மெதுவாகச் செய்வதுதான் பலன் தரும். முதல் நாள் ஸ-வில் இருந்து மேல் ஸ வரை ஒரு ஜாரு பாடி மொபைலில் பதிவு செய்து வைங்க. ஒரு மாதம் கழித்து அதே ஜாருவைப் பாடிப் பதிவு செய்து, இரண்டையும் போட்டுக் கேளுங்க. வித்தியாசம் உங்க காதுக்கே தெரியும்.